அரசியலமைப்பு நாளை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற நவம்பர் 26 அன்று நம் பள்ளியில் அரசியலமைப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. முகவுரையை வாசித்து உறுதிமொழி எடுப்பதோடு இவ்வாண்டு அது முடிந்துவிடக் கூடாது என்பது என் விருப்பம். அதற்கு உங்கள் துணை வேண்டும்.

நம் அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்ததைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் அதன் 395 பிரிவுகளில் சில மட்டும், அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்ட 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. குடிமக்கள் யார் என்று வரையறுக்கும் 5 முதல் 9 வரையிலான பிரிவுகளும், தேர்தல் ஆணையத்தை அமைக்கும் 324ஆம் பிரிவும் அவற்றுள் அடங்கும். தன் மக்கள் யாவர், அவர்களுடைய வாக்கைக் காப்பவர் யார் என்ற இரண்டையும் புதிய குடியரசு முதலில் உறுதிசெய்துகொண்டது. சொத்தோ படிப்போ கேளாமல், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. ஜமீனாக இருந்த நம் சீமையில், நிலத்துக்கு உரியவருக்கும் கரைவலை இழுத்தவருக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு என்றானது.

இந்தத் தொடக்கத்தின் அருமையை உணர நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்ற இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு, எந்த ஒரு சமூகத்துக்கும் மட்டும் தீங்காகச் சட்டம் இயற்றக் கூடாது என்று 29ஆம் பிரிவில் தடுத்திருந்தும், குடிமக்கள் யார் என்பதைத் தானே வரையறுக்கவில்லை. அது நாடாளுமன்றத்தின் கையில் விடப்பட்டதால், அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் இங்கிருந்து தோட்ட வேலைக்குச் சென்று குடியேறியவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களில் பலர் கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சென்றதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நேரில் கண்டிருக்கலாம்.

நம் நாட்டிலும் எழுதியதெல்லாம் உடனே நிறைவேறிவிடவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலிருந்து, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். நம் மாணவியர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும் என்று கருதுகிறேன்.

ஆகவே, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கேள்விகளோடு வீட்டுக்கு வருவார்கள். நம் குடும்பத்தில் முதன்முதலில் வாக்களித்தவர் யார்? கப்பலில் வந்திறங்கியவர்களைப் பார்த்தவர் யாரேனும் உண்டா? வாடைக்காற்றால் படகுகள் கரையில் நிற்கும் நாள்களில், பிள்ளைகளோடு அமர்ந்து தெரிந்ததைச் சொல்லி எழுதவையுங்கள். நவம்பர் 26 அன்று பிற்பகல் 3 மணிக்குப் பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வர இயலாதவர்களின் வீட்டுக்கு ஆசிரியரும் மாணவர்களும் வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்