ரத்துப் படிவம்

அன்புள்ள சேது,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதோடு மரியாதையை முடித்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியது வேறு.

போன வாரம் ஒரு பையன் வந்தான். மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய், சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்றான். திறப்பவர் மிரளக் கூடாதே! பார்த்ததும், வீடு வீடாகப் போய் விற்ற நம் காலம் நினைவுக்கு வந்து எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கிறவன், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கேட்டான். சின்னதற்குச் சம்மதித்தவர் பெரியதற்கும் சம்மதிப்பார் என்று 1966இல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனை நடத்தி எழுதியிருக்கிறார்கள். நமக்கு அதைக் கற்பித்தது வறண்ட தொண்டை. எல்லாம் தெரிந்தும், ரசித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் ரத்துசெய்துவிட்டேன்.

சிரிக்காதே. இப்படி மனம் மாறுகிறவர்களை நாம் என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம்! அமெரிக்காவில் வாசலில் வாங்கியவர் திருப்பித் தர 3 வேலை நாள், ஜப்பானில் 8 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் கொடுக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த வீட்டில் கலைக்களஞ்சியத்தைத் தவணைக்குத் தள்ளிவிட்டு வந்தோமே, அன்றைக்கு மாலை நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அந்த அம்மா அட்டையைத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. (1996இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சிய நிறுவனம் அமெரிக்காவில் தன் வாசல் விற்பனைப் படையைக் கலைத்தபோது, அவர்களிடம் ஒரு நாள்கூட வேலை பார்க்காத நீ துக்கம் கொண்டாடினாய். அதை மறக்க மாட்டேன்.)

ஆனால் சட்டம் எனக்குக் கொடுத்த அவகாசம் அந்தப் பையனின் பையிலிருந்து அல்லவா போகிறது? அவனுக்கும் சம்பளம் கிடையாதாம், கமிஷன் மட்டும்தான். நான் ரத்துசெய்தால் அடுத்த கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். அன்று அவனுக்கு என் வீடு எத்தனையாவது படியோ! கையெழுத்து வாங்கியதும் கடைசிப் படியில் அவன் ஒரு குதி குதித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீயும் அப்படித்தான் குதிப்பாய், தடியா. அந்தப் பணத்தை அன்றிரவே மனத்துக்குள் செலவழித்திருப்பான். நாம் செலவழிக்கவில்லையா?

ரசீதில் அவனுடைய எண் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது? "தம்பி, உன் பேச்சு பிரமாதம், பொருள்தான் வேண்டாம்" என்றா? நமக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நீ ஆறியிருப்பாயா, இன்னும் கொதித்திருப்பாயா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

பெட்டியை எடுத்துப் போக வேறு ஆள்தான் வந்தார். பையன் தன் பேனாவை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். மறந்துவிட்டானா, இல்லை, மறுபடி வந்து மணியடிக்க நீ கண்டுபிடித்த பழைய சாக்கா, தெரியவில்லை. இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

உன்,
கதிரேசன்