பால் கொடுத்தால் இளைத்துவிடுமா?

என் செல்லத்துக்கு,

பால் கொடுத்தால் தானாக இளைத்துவிடும் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் முள் அசையவே மாட்டேன் என்கிறது என்று கேட்டாய் இல்லையா, போனில் எல்லோரும் பக்கத்தில் இருந்ததால் ஒழுங்காகப் பேச முடியவில்லை, அதான் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் மளமளவென்று குறைந்ததே, அதைப் பார்த்துத்தான் நீ ஏமாந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், அப்புறம் உடம்பில் தேங்கியிருந்த நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் போனது, அவ்வளவுதான். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருக் சுருக்கென்று இழுக்கிறது என்றாயே, அது கர்ப்பப்பை சுருங்குவது. பிரசவத்தன்று சுமார் 1 கிலோ இருப்பது 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போலச் சுரக்க வேண்டும், அதற்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது, ஆகவே சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே உடம்புதான் அகோரப் பசியையும் கிளப்பிவிடுகிறது. நடுராத்திரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் டப்பாவைத் துழாவுகிறாயே, அதற்கெல்லாம் வெட்கப்படாதே. தூக்கம் கெட்டால் பசி இன்னும் ஏறும். சிலருக்குச் சில மாதத்திலேயே பழைய துணி சேர்ந்துவிடும், சிலருக்குப் பாலை நிறுத்துகிற வரைக்கும் கடைசி இரண்டு மூன்று கிலோ பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். யாருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் இன்னொருத்தி போட்டோவைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பசித்தால் சாப்பிடு. பால் நன்றாகச் சுரந்து குழந்தையின் எடையும் ஒழுங்காக ஏறுகிறது என்றால், பிறகு மெதுவாக வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் தாராளம். உடற்பயிற்சியை டாக்டர் சரி என்ற பிறகு நடையிலிருந்து ஆரம்பி.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதே. எவ்வளவு ஓய்வெடுத்தும் தீராத அசதி, குளிர் தாங்காமை, காரணமில்லாமல் எடை ஏறுவது, இதெல்லாம் இருந்தால் தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொல். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அது கோளாறு செய்யும், நாமோ தூக்கமில்லாததால்தான் என்று விட்டுவிடுவோம். ராத்திரி பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம் எடுத்துத் தூங்க வைப்பதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நான் சொன்னேன் என்றே சொல்.

அம்மா