மூன்று நாள் காய்வதற்கு ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு எழுபது வயது. சிங்கப்பூரில், ஈசூனில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீட்டில் இருக்கிறேன். குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பழைய காரின் ஸ்டீயரிங்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கடைசியில் கேட்கிறேன். கதையைச் சொல்லாமல் கேட்டால், இந்தக் கிழவிக்கு ஏன் இந்த வேலை என்றுதான் தோன்றும்.

கார் என் தம்பியுடையது. 1962ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான் என்பதை அவன் வீட்டுக்கு வரும் எல்லாரிடமும், காப்பி வருவதற்குள், சொல்லி முடித்துவிடுவான். 35 வயதைக் கடந்த வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்திருக்கிறான். அதனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாள் அது பலமாடி நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் வெயில் காய்கிறது. கீழ்த்தளங்களில் எப்போது பார்த்தாலும் இடம் இருக்காது என்பான். பழுதுக்குப் பாதிக் காரணம் அந்த வெயில்தான்.

ஸ்டீயரிங்கில் நான்கு இடத்தில் வெடிப்பு. இரண்டு வெடிப்புகள் குறுக்குக் கைகள் வளையத்தோடு சேரும் இடத்தில். அவற்றில் ஒன்றில் பத்துக் காசின் விளிம்பு நுழையும். ஓட்டினால் உள்ளங்கையைக் கிள்ளும். அந்தக் காலத்து ஸ்டீயரிங்குகள் உள்ளே எஃகு, மேலே கெட்டி ரப்பரோ பிளாஸ்டிக்கோ வார்த்தவை. சூட்டில் பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். வருடம் ஆக ஆக நிரந்தரமாகவே கொஞ்சம் சுருங்கிப் போகும். உள்ளே இருக்கும் எஃகு அதற்காக மெலியாது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை நான் இன்று போட்டுப் பார்த்தால் எங்கே பிரியுமோ, அங்கேதான் இதுவும் பிரிந்திருந்தது.

முதலில் தம்பி அதை ஒரு பட்டறையில் கொடுத்தான். வெடிப்பின் மேலேயே பட்டி பார்த்து, தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். புதிதுபோல மின்னியது. நான்கு மாதத்தில் அதே நான்கு இடத்தில் மயிரிழைக் கோடு விழுந்து, பிறகு பட்டி பொருக்காக உதிர்ந்தது. கார்க் கதவில் போடும் பட்டி தகட்டில் பரப்புவதற்கானது. விரிந்து சுருங்கும் இரண்டு பொருளுக்கு நடுவே அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பட்டறைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு நாளில் முடித்துக் கொடு என்று அவசரப்படுத்தியவன் என் தம்பி.

வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைக்கப் போகிறேன் என்றான். என்னிடம் கொடு என்றேன். சிரித்தான்.

அவன் மறந்துவிட்டான், ஆனால் எப்பாக்சி, அதாவது இரண்டு பாகத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின், என் சோற்றுக்கு வழி செய்த பொருள். 1974ல், பத்தொன்பது வயதில், கல்லாங் பேசினில் ஒரு செமிகண்டக்டர் ஆலையில் சேர்ந்தேன். நீலச் சட்டை, மூன்று ஷிஃப்ட், நாள் முழுக்க மைக்ராஸ்கோப். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லைச் சட்டத்தில் ஒட்டுவது எப்பாக்சி. அதற்கு மேல் கறுப்பு உடம்பாக வார்ப்பதும் எப்பாக்சி. அந்தக் கறுப்பு எப்பாக்சியில் பெரும்பகுதி அரைத்த சிலிக்கா, அதாவது மணலின் தம்பி. எதற்கு என்று எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். வெறும் பிசின் சூட்டில் அதிகமாக விரிந்து உள்ளே இருக்கும் மெல்லிய தங்கக் கம்பியை அறுத்துவிடும், தூள் கலந்தால் அடங்கி இருக்கும் என்றார். ஸ்டீயரிங்குக்குத் தண்ணீர் போன்ற பிசினை வாங்காமல், தூள் கலந்து மாவுபோல் இருக்கும் இரண்டு பாக எப்பாக்சியை வாங்கியது அந்தப் பதிலை நினைத்துத்தான். அதுவும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இல்லை, 24 மணி நேர வகை. ஐந்து நிமிட வகை அவசரத்துக்கு நல்லது, ஆனால் சூடு பட்டால் சீக்கிரம் இளகிவிடும். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் ஸ்டீயரிங்கின் மேல்புறம் 60 டிகிரியைத் தாண்டும். ஆகவே டப்பாவில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த சண்டை அறுப்பதில். நான் ஹாக்சா பிளேடை எடுத்து வெடிப்பை அகலப்படுத்தத் தொடங்கியதும், “அக்கா, அடைக்கத்தானே கொடுத்தேன்? இன்னும் பெரிசாக்குறியே!” என்று பதறினான். பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். மயிரிழைக் கீறலுக்குள் எப்பாக்சி இறங்காது, மேலே படிந்து நிற்கும். மேல்புறம் அகலமாகவும் அடியில் குறுகலாகவும் பள்ளம் வெட்டி, உள்ளே எஃகு தெரியும் வரை போனேன். எஃகு துருப்பிடித்திருந்தது. நான்கு இடத்திலும் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகுதான் விட்டேன். பள்ளத்தின் சுவர்களையும் முரட்டு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன், வழவழப்பில் எதுவும் பிடிக்காது. அப்போது எஃகையே கூர்ந்து பார்த்தேன். குறுக்குக் கையிலோ நடுக்குடத்திலோ எஃகில் விரிசல் இருந்திருந்தால் அங்கேயே வேலையை நிறுத்தி, புதிய ஸ்டீயரிங் வாங்கச் சொல்லியிருப்பேன். எப்பாக்சி தோலுக்குத்தான் மருந்து, எலும்புக்கு இல்லை. உயிர் அந்த வளையத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் தம்பி ஒரு கைங்கரியம் செய்தான். உதவுகிறேன் என்று நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனால் துடைத்தான். பழைய பிளாஸ்டிக்கில் சில வகை அசிட்டோனில் கரையும். துடைத்த இடம் பிசுபிசுவென்று துணியோடு வந்தது. நல்லவேளை, பின்புறத்தில் இரண்டு அங்குலம் மட்டும்தான். அப்புறம் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் நான் துடைத்தேன். அவனைக் காப்பி போட அனுப்பினேன்.

கலப்பதில் நானே ஒரு தவறு செய்தேன். வெளிநாட்டு டப்பாக்களில், கலந்த பிறகு வேலை செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 20, 25 டிகிரிக்கான கணக்கு. பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஊர் பிற்பகலில் 32 டிகிரி. ஆலையில் இதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னவள், வீட்டில் நான்கு பள்ளத்துக்கும் ஒரே தடவையாக ஒரு கிண்ணம் கலந்துவிட்டேன். ஒரே இடத்தில் குவிந்து இருந்தால் அது தன் சூட்டிலேயே இன்னும் வேகமாகும். இரண்டாவது பள்ளத்தில் இருக்கும்போதே கிண்ணம் கையைச் சுட்டது. மூன்றாவதற்குப் போவதற்குள் கல். மறுநாள் குளிர்சாதன அறையில், ஒரு பள்ளத்துக்கு ஒரு கரண்டி என்று கலந்து முடித்தேன். இரண்டு பாகத்தையும் தபால் தராசில் நிறுத்துத்தான் சேர்த்தேன். சாம்பாருக்குப் புளி கரைப்பதுபோல் கண் அளவில் சேர்த்தால், கூடின பாகம் ஈரமாகவே நின்றுவிடும், எத்தனை நாள் காத்திருந்தாலும் இறுகாது.

கையுறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒரு தோழிக்கு எப்பாக்சி ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் தடித்து, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தின்னரால் தேய்க்காதீர்கள். தின்னர் அதைத் தோலுக்குள் இன்னும் ஏற்றிவிடும்.

விளிம்புக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பி மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் தொட்டால் மேலே மெழுகு தடவினாற்போல் ஒரு வழுவழுப்பு. சரியாகக் காயவில்லை என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். அது காயாதது இல்லை. எப்பாக்சியை இறுக வைக்கும் பாகமான ஹார்டனர் காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விடும் ஏடு. நம் ஊர் ஈரப்பதத்தில் இது அடிக்கடி வரும். அதன் மேல் நேரே உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், பெயிண்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான நீரும் பழைய துணியும் போதும், கழுவினால் போய்விடும். எத்தனை பேர் இதைத் தெரியாமல் நல்ல வேலையைச் சுரண்டி எறிந்தார்களோ!

பிறகு அரம், அப்புறம் முரட்டிலிருந்து நைசுக்கு 80, 120, 240, 400 என்று உப்புத்தாள். பின்புறத்தில் விரல் பதியும் மேடுபள்ளங்களுக்கு ஒரு பென்சிலில் தாளைச் சுற்றித் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. 27 வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண்ணுக்கு இப்போது கண்புரை அறுவையும் ஆகிவிட்டது, விரலை நம்புவதைத் தவிர வழியும் இல்லை. ஊசித்துளை தெரிந்த இடங்களில் மறுபடி ஒரு துளி வைத்து, மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்த்தேன்.

பெயிண்ட்டை மட்டும் நான் தொடவில்லை. நீடித்து நிற்கும் இரண்டு பாகப் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கும். அதைத் தெளிப்பவருக்குத் தனிக் காற்றோடு கூடிய முகமூடி வேண்டும், முறையான அறை வேண்டும். அதற்கு வேறொரு பட்டறைக்குக் கொடுத்தோம். அதைச் சேர்க்காமல் என் செலவு 60 வெள்ளிக்குள்தான். பத்து மாதமாகிறது. நான்கு இடத்தில் எது எங்கே என்று இப்போது எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு ஒரு துணி உறை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்தது.

இந்த வேலையை நான் எங்கே செய்தேன் தெரியுமா? முதலில் வீட்டு வாசல் நடைவழியில். குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் 1.2 மீட்டர் வழியை விட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி வந்து, பேரனுக்கு ஆஸ்துமா, தூசி வருகிறது என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். எனக்கே வெட்கமாகிவிட்டது. அதன் பிறகுதான் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் அரத்தால் உறுதியாக இழைக்க ஸ்டீயரிங்கை எங்கே மாட்டுவது? முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். ஒரு வாரம் இடுப்பு வலி. அரம் போட்ட தூளைப் பெருக்கி எடுத்தாலும், காய வைத்த ஸ்டீயரிங் மூன்று நாள் சாமி அறைக்குப் பக்கத்தில் தொங்கியதை மருமகள் இன்னும் மன்னிக்கவில்லை.

2014 முதல் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற தன்னார்வக் குழுவினர், மின்விசிறி, அரிசிக் குக்கர் போன்றவற்றை நாமே பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறார்கள். நல்ல சேவை. ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வேலைகளுக்கானது. எப்பாக்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காயாது. கால் ஆடும் பாட்டி காலத்து நாற்காலி, பிடி உடைந்த பித்தளைக் குத்துவிளக்கு, விரிசல் விட்ட வீணைக் குடம், இவையும் அப்படித்தான். ஒட்டிவிட்டு, அசையாமல் நாள்கணக்கில் விட்டுவிட வேண்டும்.

நம் சமூக மன்றங்களில் சமையல் வகுப்புக்கு அடுப்பறை இருக்கிறது, நடனத்துக்குக் கண்ணாடி வைத்த அறை இருக்கிறது. பேட்டைக்கு ஒன்று என்றுகூடக் கேட்கவில்லை, வட்டாரத்துக்கு ஒரு மன்றத்தில் ஒரு சிறிய அறை: கனமான மேசை, அதில் பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், தூசியை வெளியே இழுக்கும் ஒரு விசிறி, பெயர் எழுதி ஒட்டி வேலையை விட்டுப்போகப் பூட்டுள்ள ஓர் அலமாரி. இவ்வளவுதான். மணிக்கு இரண்டு வெள்ளி வாடகை வாங்கினாலும் கொடுப்போம். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக, ஆலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் எத்தனையோ பேர் காலையில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். உங்கள் நாளிதழ் இதைப் பொறுப்பில் இருப்பவர்களின் காதில் போட வேண்டும்.

அப்படி ஓர் அறை திறந்தால் வாரத்தில் இரண்டு பிற்பகல் நான் வந்து உட்காரத் தயார். சுங்கை ரோடு சந்தை 2017ல் மூடுவதற்குச் சில மாதம் முன்பு வாங்கிய வைஸ் ஒன்று கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது, அதையும் தந்துவிடுகிறேன். பன்னிரண்டு கிலோ, பேருந்தில் தூக்கிவர முடியாது. தம்பி தன் 45 நாளில் ஒரு நாளை அதற்காகத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஊழியர்,
ஈசூன்