டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டிசைன் டீமுக்கு ஒரு திறந்த மடல்: வார்லார்டை முழு கிளாஸா திருப்பிக் கொடுங்க

வணக்கம்.

டேபிள சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமுக்கு, விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனில உக்காந்து ரூல்ஸ் எழுதுற உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். புது கிளாஸ், அதாவது ஒரு கேரக்டர் என்ன மாதிரி ஆளு, என்ன வேலை செய்வான்னு சொல்ற வகை, அந்த விஷயத்துல நீங்க ரொம்பவே கைய இறுக்கிப் பிடிக்கிறீங்க. 2014ல அஞ்சாவது எடிஷன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ங்கிற அடிப்படை ரூல் புக் வந்தப்போ 12 கிளாஸ், பத்து வருஷம் கழிச்சு 2024ல திருத்தி எழுதின புக்லயும் அதே 12, நடுவுல 2019ல எபெரான்ங்கிற கற்பனை உலகத்தோட புக்ல ஆர்டிஃபைசர்னு ஒரு கிளாஸ் வந்துச்சு, அதோட சரி. மத்தபடி யார் என்ன புதுசா கேட்டாலும் சப்கிளாஸ்ல, அதாவது இருக்கிற கிளாஸுக்குள்ள ஒரு கிளையா, போட்டு அடைச்சிடுறீங்க.

பல நேரம் அது நியாயம்தான். புயலைக் கூட்டிட்டு வர பார்பேரியனுக்குத் தனி கிளாஸ் தேவையில்ல, ஏன்னா அவன் டர்ன் வந்தா ரேஜ்னு வெறி ஏத்திக்கிட்டு உள்ள புகுந்து அடிக்கிறான், புயல் அதுக்கு மேல ஒரு வேலைப்பாடு, அவ்வளவுதான். ஆனா டேபிள்ல உக்காந்திருக்கிற ஆளு டர்ன் வரும்போது எடுக்கிற முடிவே வேற மாதிரின்னா, அது தனி கிளாஸ். 1974ல கேம் வந்தப்போ ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக்னு மூணே மூணுதான், அடுத்த வருஷமே தீஃப் வந்து சேர்ந்துச்சு. பூட்டு திறக்கிறது, ட்ராப்ப கழட்டுறது, சத்தமில்லாம ஒளிஞ்சு போறதுன்னு அவனுக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் ரோக்னு பேர் மாறியும் நிக்கிறான்.

வார்லார்டுக்கும் அப்படி ஒரு வேலை இருந்துச்சு. 2008ல நாலாவது எடிஷனோட முதல் புக்லயே அவன் வந்துட்டான். மந்திரம் கிடையாது, சாமி கிடையாது, ஆனா சண்டைய நடத்துறவன் அவன்தான். கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்னு ஒரு பவர், முதல் லெவல்லயே எடுக்கலாம், எத்தன தடவ வேணாலும் போடலாம், தான் அடிக்காம கூட இருக்கிறவங்கள அடிக்க வைக்கலாம். இன்ஸ்பயரிங் வேர்ட் சண்டைக்கு ரெண்டு தடவ, ஒரு குரல் கொடுத்தா சாகக் கெடக்கிறவன் கண்ணு முழிப்பான். இத ஆடுறவங்க தன் கேரக்டர் விவரம் எழுதின ஷீட்டயே பார்த்துட்டு இருக்க மாட்டாங்க, யாரு எங்க நிக்கிறா, யாருக்கு அடி பட்டிருக்கு, யார இப்ப நகர்த்தினா வழி கிடைக்கும்னு டேபிள் முழுக்க பார்த்துட்டே இருப்பாங்க. வேற எந்த கிளாஸும் ஒரு பிளேயர இப்படி உக்கார வைக்கல.

அஞ்சாவது எடிஷன்ல வார்லார்ட தனி கிளாஸா வைக்காம, ஃபைட்டரோட பேட்டில் மாஸ்டர் சப்கிளாஸுக்குள்ள கொஞ்சம் போட்டீங்க. 2014 ரூல்படி மூணாவது லெவல்ல இந்த மாதிரி தந்திரத்துக்குச் செலவு பண்ண நாலு டைஸ்தான், கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் போடணும்னா அதுல ஒண்ணு செலவாகும், தன்னோட அட்டாக்கும் போகும், டர்ன்ல கூடுதலா கிடைக்கிற போனஸ் ஆக்‌ஷனும் போகும். அந்த லெவல்ல இருக்கிறதே ஒரு அட்டாக். 2024ல போனஸ் ஆக்‌ஷன எடுத்துட்டீங்க, நல்ல திருத்தம், அதுக்கு நன்றி. பார்ட்டில ரோக் இருந்தா இது எவ்வளவு அழகா வேலை செய்யுதுன்னு உங்களுக்கே தெரியும். எதிரி பக்கத்துல நம்ம ஆள் நிக்கிற மாதிரி சாதகம் இருந்தா ரோக்குக்குக் கூடுதல் டைஸ் கொடுக்கிற ஸ்னீக் அட்டாக், எல்லாரும் ஒரு டர்ன் முடிக்கிற ரவுண்டுக்கு ஒண்ணு இல்ல, டர்னுக்கு ஒண்ணு, அதனால ஃபைட்டர் டர்ன்ல ரோக், அடுத்தவங்க டர்ன்லயும் ஒரு தடவ பயன்படுத்தக் கூடிய தன் ரியாக்‌ஷன வச்சு அடிச்சா அந்த டைஸ் மொத்தமும் இன்னொரு தடவ விழும், "உன் ரியாக்‌ஷன் மிச்சம் இருக்கா, அந்த ஓகர் அரக்கன் பக்கத்துல நம்ம ஆள் யாரும் நிக்கிறாங்களா"ன்னு ரெண்டு பேரும் பேசிக்கிற அந்த அரை நிமிஷம்தான் இந்த கேமோட உயிரே. ஆனா நாலு தடவ போட்டா தீர்ந்துடும், அடுத்த ரெஸ்ட் வரைக்கும் அவன் சாதா ஃபைட்டர். தலைவனா ஆடணும்னு வந்தவன் பாதி சண்டைக்கு மேல ஒப்புக்குச் சப்பாணி.

"கத்தினா காயம் ஆறுமா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, அந்தக் கேள்விக்குப் பதில் உங்க புக்லயே இருக்கு. ஹிட் பாயிண்ட்னா உடம்பு மட்டும் இல்ல, மன உறுதி, வாழணும்னு இருக்கிற வெறி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுன்னு 2014 புக்ல நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஃபைட்டர் செகண்ட் விண்ட்ல மூச்ச இழுத்து விட்டு தன் ஹிட் பாயிண்ட ஏத்திக்கிறான், அதுல மந்திரம் இல்ல, யாரும் ஏன்னு கேக்கல. 2015ல ஃபைட்டருக்கு சப்கிளாஸா வந்த பர்ப்பிள் டிராகன் நைட் தன் செகண்ட் விண்ட போடும்போதே 60 அடிக்குள்ள இருக்கிற மூணு பேருக்கு ஹிட் பாயிண்ட் கொடுக்கிறான். கொள்கைய எப்பவோ ஒத்துக்கிட்டீங்க, ஆனா மூணாவது லெவல்ல ஆளுக்கு மூணே மூணு பாயிண்ட் கொடுத்தா அது யாருக்குப் பத்தும்?

உங்க பயமும் எனக்குப் புரியுது. மன சக்திய வச்சு ஆடுற மிஸ்டிக் கிளாஸ 2017ல இருபது லெவல் வரைக்கும் எழுதி டெஸ்ட்டுக்கு விட்டீங்க, அது எல்லா கிளாஸோட வேலையையும் தானே செய்யுற மாதிரி இருந்துச்சு, கைவிட்டது சரியான முடிவு. ஆனா அதோட நிறுத்தாம 2025ல அதே மாதிரி மன சக்தி கிளாஸான சயானை எடுத்து டெஸ்ட்டுக்கு விட்டீங்களே, அந்த மாதிரி இதுக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கன்னுதான் கேக்குறேன். வார்லார்ட்ல பேலன்ஸ் சிக்கல் உண்டு, மறைக்கல. அடுத்தவங்க டர்ன்ல அடி விழுந்தா சண்டை இழுக்கும், ரோக் கூட சேர்ந்தா டேமேஜ் எகிறும். அதனால அட்டாக் கொடுக்கிற திறமைய டைஸ்லயே வைங்க, ஆனா நகர்த்துறது, எதிரிய சுட்டிக் காட்டி அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி பெரிய எண்ண எடுக்கிறது) கொடுக்கிறது இந்த ரெண்டையும் ஒவ்வொரு டர்னும் செலவில்லாம பண்ண விடுங்க. விழுந்தவன எழுப்புற குரல முதல் லெவல்லயே கொடுங்க, டெம்பரரி ஹிட் பாயிண்ட் வேண்டாம், மயங்கிக் கெடக்கிறவன அது எழுப்பாது. ஸ்பெல் மட்டும் தயவுசெஞ்சு சேர்க்காதீங்க.

அஞ்சு லெவல் வரைக்கும் எழுதி அனெர்த்ட் ஆர்கானாங்கிற உங்க டெஸ்ட் வெளியீட்டுல விட்டாக்கூடப் போதும், நாங்க ஆடிப் பார்த்துட்டு எங்க இடிக்குதுன்னு சர்வேல ஒண்ணுவிடாம எழுதி அனுப்புறோம்.

இப்படிக்கு,
கேம நடத்துற டிஎம்மா ஸ்கிரீனுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற உங்க வாசகன்