துண்டுக்கு ஒதுங்க இடம் விடு

கடலூர் முதுநகர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம், தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். தொட்டில் நான்தான் செய்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் சாய்ந்த பலாவை அறுத்து அடுக்கி வைத்தேனே, அதில் நாலு பலகை மிச்சம் இருந்தது. மேலே கறுத்துக் கிடந்தாலும் இழைப்புளி பட்டதும் உள்ளே மஞ்சள் தெரிகிறது. தொட்டுப் பார்க்க நீ வர வேண்டும்.

ரிட்டையர் ஆன கையோடு டேபிள் சா (மேஜைக்கு நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பம்) வாங்கிவிட்டாய் என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் உன் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. "ஆறு அங்குலத்தில் நாற்பது துண்டு வேண்டும், ஃபென்ஸை ஆறில் நிறுத்தி, மைட்டர் கேஜில் சட்டத்தை வைத்துத் தள்ளிக்கொண்டே போகப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதாவது பிளேடுக்கு இணையாக நிற்கும் ஃபென்ஸ் என்கிற தடுப்பையும், மேஜைப் பள்ளத்தில் ஓடிச் சட்டத்தைக் குறுக்கே தள்ளும் மைட்டர் கேஜையும் ஒரே வெட்டில் சேர்க்கப் போகிறாய். அதை மட்டும் செய்யாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும், செய்யாதே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் எல்லாரும் இப்படித்தான் வெட்டுவார்கள், நானும் வெட்டினேன். தேக்குச் சட்டம். ஏழெட்டுத் துண்டு ஒழுங்காக வந்தது. அடுத்தது அறுந்து முடிகிற நேரம் 'டக்' என்று ஒரு சத்தம். துண்டு கிளம்பியது கண்ணுக்கே தெரியவில்லை. விலாவுக்குக் கீழே உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது, மூச்சு திரும்ப நேரமாயிற்று. சட்டையைத் தூக்கினால் சட்டத்தின் முனை அச்சு வைத்த மாதிரி சதுரமாகக் கன்றியிருந்தது. கீழே கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் பிறை போல வளைந்து ஒரு கருகல் கோடு, பிளேடு அதை இழுத்துக்கொண்டு ஏறிய தடம்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. பிளேடின் முன்பக்கப் பல் மரத்தை மேஜையோடு அழுத்திக் கீழே இறங்குகிறது. பின்பக்கப் பல்லோ கீழேயிருந்து ஏறி நம்மை நோக்கி வருகிறது. அறுந்த துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அதைப் பிடிக்கவும் ஆளில்லை, தள்ளவும் ஆளில்லை. மயிரிழை திரும்பினாலும் மூலைக்கு மூலை இறுகிவிடும், பின்பல் தூக்கி எறியும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர், கணக்குப் போட்டுப் பார். நீள வெட்டில் பலகை முழு நீளமும் ஃபென்ஸில் அணைந்து வருகிறது, கடைசிவரை தள்ளுகட்டையால் தள்ளிவிடலாம். குறுக்கு வெட்டில் இரண்டு அங்குலச் சட்டத்தின் முனை மட்டும்தான் அதைத் தொடுகிறது. அது எப்படி நேராக நிற்கும்?

ஃபென்ஸ்தான் அளவுக்கு வேண்டுமென்றால், ஒரு அங்குலக் கட்டையை ஃபென்ஸில் உன் பக்கமாக, பிளேடுக்கு நன்றாக முன்னால் கிளாம்ப் போட்டு, ஃபென்ஸை ஏழில் வை. சட்டத்தின் முனையைக் கட்டையில் முட்டி அளவு பிடித்துக்கொள். பிளேடைத் தொடும் முன்பே சட்டம் கட்டையைத் தாண்டியிருக்க வேண்டும். அறுந்த துண்டுக்கு அந்த ஒரு அங்குலம் ஒதுங்க இடம்.

ஆனால் நாற்பது துண்டுக்கு ஸ்லெட், அதாவது சட்டத்தைத் தாங்கிக்கொண்டு மேஜைமேல் பிளேடை நோக்கி நகரும் தட்டு, செய்துகொள்வதுதான் சரி. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று, மேஜைப் பள்ளத்தில் ஆடாமல் ஓடும் இரண்டு தேக்கு ரன்னர், முன்னும் பின்னும் ஒரு தடுப்புச் சட்டம். உன் பக்கத்துச் சட்டம் பிளேடுக்குத் துல்லியமாக 90 டிகிரியில் நிற்க வேண்டும், மூலைமட்டத்தை மட்டும் நம்பாதே. ஒரு பலகையின் நாலு பக்கத்தையும் வரிசையாகத் திருப்பித் திருப்பி வெட்டு. ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்திலேயே ஒரு பட்டை எடுத்து இரண்டு முனையின் அகலத்தையும் அள. 400 மில்லிமீட்டர் நீளப் பட்டையில் 0.4 வித்தியாசம் வந்தால் நாலால் வகு, உண்மைப் பிழை 0.1. அதற்கேற்ப சட்டத்தை நகர்த்தித் திருகு போடு. பிளேடு வெளியே வரும் இடத்தில் கனமான ஒரு கட்டையை ஒட்டிவிடு, கட்டைவிரல் அங்கே போகவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ரன்னர் ஊறி இறுகும், லேசாக இழைத்து மெழுகுவத்தி தேய்த்தால் சரியாகிவிடும்.

அளவுக்கட்டையை ஸ்லெட்டின் சட்டத்திலேயே மாட்டி, அந்தப் பக்கத்துத் துண்டைப் பிடித்துக்கொள். மற்றப் பக்கம் சும்மா கிடக்கட்டும். பிளேடு நிற்கும்வரை சின்னத் துண்டைக் கையால் ஒதுக்காதே. நீள வெட்டுக்கான 24 பல் பிளேடைக் கழற்றிவிட்டு 60 பல் போடு, முனை பிசிறாது. கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் புதுச்சேரிக்கு வருகிறேன், தேக்கு ரீப்பர் என்னிடமே இருக்கிறது. உன் மேஜைப் பள்ளத்தின் அகலம், ஆழம், இரண்டு பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து போனில் சொல். நான் வரும்வரை அவசரமென்றால் கை ரம்பத்திலேயே அறுத்துக்கொள்.

உன் பழைய பட்டறைத் தோழன்