போதாது என்று எழுதிவிட்டீர்களே, ஐயா

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். ஒரு சபை தன் விசுவாச அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று போன இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற பழைய விசுவாசப் பிரமாணங்கள் இன்றைய சபைக்குப் போதாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் ‘போதாது’ என்ற வார்த்தை இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. எழுதியவர் இளையவராக இருக்கலாம். அச்சேற்றியவர் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வார்த்தையை நான் நேருக்கு நேராகக் கேட்டவள். ஞாயிறு பள்ளியில் 26 வருடம் பாடம் நடத்தினேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் புதிதாக ஓர் அறிக்கை எழுதினார்கள். மொத்தம் 19 பிரிவுகள். பொறுப்பில் இருக்கிற எல்லோரும் கடைசிப் பக்கத்தில், ‘மேற்கண்ட அனைத்தையும் முழுமையாக ஏற்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பதினான்காம் பிரிவில் என் கை நின்றுவிட்டது. உலக முடிவுக்கு முன் வரும் என்று சொல்லப்படுகிற உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் அறுதியிட்டு எழுதியிருந்தார்கள். கர்த்தர் மறுபடியும் வருவார் என்பதை உயிருக்கு உயிராக விசுவாசிக்கிறேன். ஆனால் இந்தக் கால அட்டவணை 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்பவர் பரப்பியது. அதை ஏற்காவிட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாதா?

பக்கத்தில் நின்ற மூப்பர் பேனாவை நீட்டி, “அக்கா, எல்லாரும் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி” என்றார். “தம்பி, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை என் கையாலேயே முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது போதாது அக்கா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவேட்டை ஒப்படைத்தேன். அதன் நடுவில் செருகியிருந்த பென்சிலை எடுக்க மறந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்க மனம் வரவில்லை.

ஐயா, உங்களுக்குத் தெரியாததா? ‘பிரதானமாக ஒப்புவித்தது’ என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நீங்களே எத்தனை தியானத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள்! கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்காகத் தண்ணீருக்குள் நின்றவரிடம் பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, ஆவியானவரை விசுவாசிக்கிறாயா என்றுதான் கேட்டார்கள். அவர் மூன்று முறை ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொன்னார், அவ்வளவுதான். நம்முடைய பிரமாணமே அந்தக் கேள்வி பதிலிலிருந்து வளர்ந்ததுதான்.

பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சபை சேர்த்திருக்கிறது. எதற்காகச் சேர்த்தது என்று பாருங்கள். குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று ஆரியுஸ் என்ற குருவானவர் போதித்தார். அது இயேசுவை ஆராதிப்பதையே அசைத்தது. அதனால் 325இல் பேராயர்கள் நிசேயாவில் கூடி, பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று எழுதினார்கள். அந்தப் பிரமாணத்தில் ‘பரிசுத்த ஆவியையும்’ என்பதோடு விசுவாசம் முடிந்துவிடும். அப்புறம் ஆவியானவரின் தெய்வத்துவத்தையே மறுக்கிறவர்கள் எழும்பினார்கள். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில், ஜீவனைக் கொடுக்கிறவர், பிதாவோடும் குமாரனோடும் தொழுதுகொள்ளப்படுகிறவர் என்று விரித்தார்கள். 1934இல் ஜெர்மனியில் சபைக்குள்ளேயே ஹிட்லரின் கொள்கை புகுந்தபோது பார்மனில் கூடி, நாங்கள் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கை செய்தார்கள். இவையெல்லாம் உயிர் போகிற நேரத்தில் வாயைத் திறந்து சொன்னவை. எங்கள் 19 பிரிவுகளில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகத்துக்கு ஒரு முழுப் பிரிவு இருந்தது. எந்த ஆபத்திலிருந்து சபையைக் காக்க அது வந்தது?

வேதாகமத்தின் பிழையின்மைதான் அறிக்கையின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்றும் கட்டுரை சொல்கிறது. வேதத்தை நான் குறைத்துப் பேசுகிறவள் அல்ல, அதை வைத்துத்தான் 26 வருடம் பிழைத்தேன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் வேதத்தில்தான் தொடங்குகிறது, அதன்மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் 33 அதிகாரங்கள். லுத்தரன் சபையாரின் அவுக்ஸ்பர்க் அறிக்கையில் 28 பிரிவுகள். போதிக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து கற்க வேண்டியவை அவை. சபையாக எழுந்து நின்று சொல்கிற அறிக்கை தேவனில் தொடங்க வேண்டும். அவர் யார், நமக்காக என்ன செய்தார், இன்னும் என்ன செய்வார், இதைச் சொன்னால் போதும். மற்றச் சபைகளிலிருந்து நாம் எதில் வேறுபடுகிறோம் என்பது வேறு தாளில் இருக்கட்டும்.

பழைய பிரமாணத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்றதும் அடுத்த மூச்சில் பாடுபட்டார் என்று போய்விடுகிறது. நடுவில் அவர் நோயாளிகளைத் தொட்டதும், மலையில் உட்கார்ந்து போதித்ததும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் அந்த இடத்தை நிரப்பினால் முதல் ஆளாக நான் வரவேற்பேன். எங்கள் 19 பிரிவுகளில் அதுவும் இல்லை. பிரமாணத்தில் வருகிற, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம அதிபதி பிலாத்துவும் இல்லை! ‘டீச்சர், கெட்டவன் பெயர் ஏன் இதுல வருது?’ என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். இது கதை இல்லை கண்ணு, இன்ன அதிபதி இருந்த காலத்தில் உண்மையாக நடந்தது என்று சொல்லத்தான் என்றேன். பிள்ளைக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றால்கூட கையைத்தான் காட்டுவார். ஆனால் ஆராதனையில் எல்லோரும் எழுந்து ‘வானத்தையும் பூமியையும் படைத்த’ என்று ஆரம்பித்தால் அவர் வாயும் திறக்கும். ‘பொந்தியு பிலாத்து’வில் நாக்கு கொஞ்சம் இடறும். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து, ‘நித்திய ஜீவன்’ வரைக்கும் சபையோடு வந்துவிடுவார். 19 பிரிவுகளை எடுத்துக்கொண்டு அவரிடம் எப்படிப் போவேன்?

மனத்தாங்கலை மறைக்கத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும். முன்பு ஒருமுறை நம் பத்திரிகையில் அப்போஸ்தலர் பிரமாணத்தை அச்சிட்டபோது ‘பாதாளத்தில் இறங்கினார்’ விடுபட்டிருந்தது. சில சபைகள் அந்த வரியைச் சொல்வதில்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஒரு குறிப்பாவது போட்டிருக்கலாம். எழுதினேன், பதில் இல்லை. 2025இல் நிசேயா சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைந்தது. நம் பத்திரிகையில் ஏதாவது வரும் என்று மாதாமாதம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. இப்போது போதாது என்று மட்டும் வந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த இதழில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கி, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு வரியும் விடாமல் போடுங்கள். அவற்றில் வருகிற ‘பொதுச் சபை’ என்றால் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் உள்ள ஒரே சபை என்று கீழே சின்னதாக ஒரு குறிப்பும் வேண்டும், அதிலும் பலர் குழம்புகிறார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் ஐயா. அண்ணனுக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் தங்கள் சகோதரி,
நெடுநாள் வாசகி