நிறுத்துவதற்கு மட்டும் ஏன் பூட்டு?

இந்திய ரிசர்வ் வங்கியில் டிஜிட்டல் பணப் பரிமாற்றத்துக்கு விதி எழுதுகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். குடியாத்தம் நெல்லூர்பேட்டையில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்துதரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2010-இல் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், லுங்கி நெய்கிறவர்கள், தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிறவர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா என்று வருகிற கூட்டத்தில் இப்போது புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. போனை மேசைமேல் வைத்து, "தம்பி, இதுல காசு தானா போவுது, நிறுத்திக் குடு" என்பார்கள். இந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை. எவ்வளவு வாங்குவது என்று தெரியாததும் ஒரு காரணம். ஒருவருக்கு இரண்டு நிமிஷத்தில் முடிகிறது, இன்னொருவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

ஒரு மணி நேரம் ஆனது ஒரு பீடி சுற்றும் அம்மாவுக்கு. வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே விருந்தாளிகளால் நிரம்பும், எல்லார் வீட்டிலும் கைமாற்று வாங்கித்தான் செலவு ஓடும். திருவிழா முடிந்த அடுத்த வாரம் பாஸ்புக்கோடு வந்தார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை எடுத்துக் கைமாற்றை அடைக்கப் போயிருக்கிறார். கணக்கில் எண்ணூற்றுச் சொச்சம்தான் இருந்திருக்கிறது. "கவருமெண்டுல பிடிச்சிக்கினாங்களா தம்பி? எலக்சனுக்கு முன்னாடி முழுசா வந்துதே" என்று கேட்டார். பாஸ்புக்கைப் பார்த்தேன். ஆயிரம் முழுசாகத்தான் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து 199 ரூபாய் வெளியே போயிருந்தது. ஏப்ரலிலும் 199. மார்ச்சிலும் 199.

மார்ச்சில் பேரன் ஊருக்கு வந்திருந்தபோது பாட்டியின் போனில் ஏதோ ஒரு நாடக ஆப்பில் 'ஒரு ரூபாய்க்கு மூன்று நாள்' என்ற சலுகையை அமுக்கியிருக்கிறான். ஒரு ரூபாய்தானே என்று ரகசிய எண்ணைப் போட்டுவிட்டான். கணக்குக்கு யூபிஐ வைத்துக் கொடுத்ததே அவன்தான், அதனால் எண்ணும் அவனுக்குத்தான் தெரியும். மூன்று நாள் நாடகம் பார்த்தான், ஆப்பை அழித்தான், பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது என்பது அவனுக்குத் தெரியாது. பத்தில் எட்டுப் பேருக்குத் தெரிவதில்லை என்று கடை அனுபவத்தில் சொல்வேன். வீட்டைக் காலி செய்துவிட்டால் கரண்ட் கனெக்‌ஷன் தானாகக் கட்டாகிவிடுமா என்று நான் கேட்பேன். அப்போதுதான் புரியும்.

அதிகாரிகளே, இதில் நான் சொல்லவருவது ஆப் கம்பெனியைப் பற்றி மட்டும் அல்ல. அந்த அம்மாவின் போனில் மெசேஜ்களை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று 2019 ஆகஸ்டில் நீங்கள் போட்ட சுற்றறிக்கை சொல்கிறது. மூன்று மாதமும் தகவல் வந்திருந்தது. நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி, குறிப்பு எண் எல்லாம் இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், லோன் வேண்டுமா என்கிற மெசேஜுக்கும் ரம்மி விளையாட அழைக்கிற மெசேஜுக்கும் நடுவில். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விதியை மீறியிருந்தால் யார்மேலாவது புகார் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஒரு மெசேஜின் கடைசியில் லிங்க் ஒன்றும் இருந்தது, வேண்டாமென்றால் இங்கே தொடவும் என்று. தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று டிவியிலும் பேங்க் சுவரிலும் நீங்களேதான் சொல்கிறீர்கள். நானும் கடையில் அதைத்தான் சொல்கிறேன். அந்த அம்மா தொடவில்லை. நல்ல பிள்ளையாக இருந்ததற்குத்தான் 199 போயிற்று.

சரி, நிறுத்தலாம் என்று யூபிஐ ஆப்பைத் திறந்து, தானாகப் பணம் போக அனுமதி கொடுத்தவை எல்லாம் இருக்கும் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனேன். சந்தா அங்கே உயிரோடு இருந்தது. ரத்து செய் என்று அமுக்கினேன். ரகசிய எண்ணைக் கேட்டது. அம்மாவுக்குத் தெரியாது. பேரனுக்குப் போன் போட்டோம். அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான். முக்கால் மணி நேரம் பீடி இலைக் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. அவன் திரும்பக் கூப்பிட்டபோது பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். கடையில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி பேரன் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். நான் "மெதுவாச் சொல்லுப்பா" என்று பதறினேன். இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாகச் சொன்னான். அன்று சந்தா நின்றது. ஆனால் ரகசிய எண் நெல்லூர்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு அதை மாற்ற அரை மணி நேரம்.

அன்றைக்கு ராத்திரி கடையை மூடியபின் உங்கள் சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து முழுசாக நடைமுறைக்கு வந்த விதி அது. முதலில் அனுமதி கொடுக்கும்போது ரகசிய எண்ணோ ஓடிபியோ வேண்டும். அதன்பின் மாதாமாதம் பணம் எடுக்க எதுவும் தேவையில்லை. இதற்கு 2,000 ரூபாய் என்று வைத்த உச்சவரம்பு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆயிற்று. ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற வேண்டுமானால் மறுபடி ரகசிய எண்ணோ ஓடிபியோ கட்டாயம். ஒரே ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட அது வேண்டும்.

அதாவது 14,999 ரூபாய் என் கணக்கிலிருந்து போவதற்குப் பூட்டு இல்லை. போகாமல் தடுப்பதற்குத்தான் பூட்டு. இரண்டு தடவை படித்தேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று.

இந்தப் பூட்டை ஏன் வைத்தீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. வேறு யாராவது என் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்திவிட்டால்? மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதை நிறுத்திவிட்டால்? நியாயமான பயம். பாலிசி காலாவதியாகிவிட்டால் ஒரு குடும்பமே நட்டாற்றில் நிற்கும். ஆனால் அவற்றை நீங்களே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களே. 2023 டிசம்பரில் இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும் மட்டும் ஒரு லட்சம் வரை என்று தனி வரம்பு கொடுத்தீர்கள். அந்த மூன்றுக்கும் பூட்டு இருக்கட்டும். கடன் தவணைக்கும் இருக்கட்டும். நாடக ஆப், ஜாதக ஆப், இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் ஆப், போட்டோவை அழகாக்கும் ஆப் இவற்றை யாரோ எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டால் எனக்கு என்ன குடி முழுகிப்போகும்? நாடகம் ஓடாது. வேண்டுமென்றால் நானே மறுபடி சேர்ந்துகொள்வேன்.

நிறுத்துவது ஒரு காலத்தில் இதைவிடச் சுலபமாக இருந்தது. நான் கடை போட்ட புதிதில் காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ரீசார்ஜ் காசைத் தின்று தீர்த்தார்கள். அப்போதும் இதே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. எல்லா கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்று ஒரே எண். பட்டன் போனிலிருந்து மெசேஜ் அனுப்பினால் போதும், நிற்கும். அந்த எண்ணைக் கடைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தேன், பாதி அழிந்து இன்னும் இருக்கிறது. பணம் பிடிக்கிற கம்பெனியை நம்பாமல், நிறுத்துகிற வழியை வெளியே வைத்ததால்தான் அது வேலை செய்தது.

உங்களால் முடியாத காரியமும் அல்ல. 2022 மார்ச்சில் பட்டன் போன்காரர்களுக்காக யூபிஐ 123பே கொண்டுவந்தீர்கள். இன்டர்நெட் இல்லாமல், மிஸ்டு கால் கொடுத்து, திரும்ப வருகிற அழைப்பில் ரகசிய எண்ணைப் போட்டுக்கூடப் பணம் அனுப்பலாம் என்றீர்கள். பணம் அனுப்புவதையே ஒரு மிஸ்டு காலில் தொடங்க முடியும் என்றால், நிறுத்துவதற்கு ஒரு மிஸ்டு கால் போதாதா?

மொழியைப் பற்றி ஒன்று. ஜேபியில் இருக்கிற நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கிறது. அதில் 'நூறு ரூபாய்' என்று தமிழும் இருக்கிறது. நீங்கள் அச்சடித்ததுதான். கையில் இருக்கிற வரைக்கும் ரூபாய் எங்களோடு தமிழில் பேசுகிறது. கணக்கிலிருந்து கிளம்பும்போது மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. வேலூர் ஆற்காடு சாலையில் என் மச்சான் இதே மாதிரி கடை வைத்திருக்கிறான். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளிகள்தான் அவனுக்கு வாடிக்கையாளர்கள். இரண்டு மாதம் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் மருந்துக் கணக்கு. அவர்கள் போனிலும் இதே ஆங்கில மெசேஜ்தான். அவர்களுக்கு வங்காளத்தில் வர வேண்டும். மச்சானுக்கு வங்காளம் பேச வருகிறது என்பது வேறு கதை.

மற்றவர்களைப் பற்றியே சொல்கிறேனே, என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். கடை வேலைக்கென்று ஒரு ஸ்கேனர் ஆப் வைத்திருந்தேன். வேறு ஆப்புக்கு மாறி வருஷமே ஆகியிருந்தது. அந்த அம்மா போன பிறகு சந்தேகத்தில் பிளே ஸ்டோரைத் திறந்து சந்தாக்கள் பகுதியில் பார்த்தால், பழையது பதினோரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் நிறுத்திக் கொடுக்கிறவன் நான். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ரத்து செய்யப் போனால் 'தொடர்கிறேன்' என்பது பெரிய பச்சைப் பட்டன், 'சலுகைகளை இழக்கச் சம்மதிக்கிறேன்' என்பது கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்து. அதை அமுக்கினால் பாதி விலைக்குத் தருகிறோம் என்று இன்னொரு பக்கம். அதையும் தாண்டினால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்விப் பட்டியல். எங்கள் வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று. கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். பாலாற்றில்கூட 2021-இல் வெள்ளம் வந்தது. நிறுத்தாத நிறுத்து பட்டன்தான் பாக்கி.

இந்த மாதிரிப் பட்டன் விளையாட்டுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை போட்டிருக்கிறது. அவர்கள் பட்டியலிட்ட 13 ஏமாற்று வழிகளில் 'சந்தாப் பொறி' ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பது, சுற்றி வளைப்பது எல்லாம் அதில் வரும். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே புகார் சொல்லலாம். அந்த அம்மாவுக்காகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது பணம் போனபிறகு போகிற இடம். பணம் போகிற குழாய் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். முன்னறிவிப்பு வாடிக்கையாளரின் மொழியில் வரட்டும், மற்ற விளம்பர மெசேஜ்களிலிருந்து பார்த்தவுடன் பிரித்தறிகிற மாதிரி வரட்டும். அதற்கு 'வேண்டாம்' என்று பதில் போட்டாலோ, எல்லா வங்கிக்கும் பொதுவான ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலோ அந்தச் சந்தா ரகசிய எண் கேட்காமல் நிற்கட்டும். ஒரு ரூபாய்ச் சலுகைக்கு அனுமதி கேட்கும்போது, அடுத்து எவ்வளவு போகும், என்றைக்குப் போகும் என்பதை ஒரு ரூபாயைவிடப் பெரிய எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பேரன் அதைப் பார்த்திருந்தால் அமுக்கியிருக்க மாட்டான் என்று சொல்லமாட்டேன். பையன்கள் அமுக்கத்தான் செய்வார்கள். ஆனால் பாட்டியிடம் சொல்லிவிட்டாவது போயிருப்பான்.

அதுவரைக்கும் நான் ஒரு தாளில் எழுதிக் கடை வாசலில் ஒட்டியிருக்கிறேன்: "ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே, பிளே ஸ்டோரில் சந்தாக்கள், இரண்டையும் பார்க்கவும். ரகசிய எண்ணை இங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள்." கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

போன 597 ரூபாயைக் கேட்டு அந்த ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டேன். போனது போனதுதான், இனிமேல் பிடிக்கமாட்டோம் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. படித்துச் சொன்னபோது அந்த அம்மா, "இன்னா பண்றது, மூணு மாசத்து மளிகைல பாதி" என்று சொல்லிவிட்டு இலைக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உங்களுக்குப் பதில் எழுத நேரம் இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். அவர் வரும்போது அப்படியே கையில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
குடியாத்தம் ஜெராக்ஸ் கடைக்காரன்